பத்துக்குப் பத்து

மூன்றிலிருந்து நாலு மணிக்குள் கம்பெனியிலிருந்து போன் வரும் என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டி மாற்ற வந்த ஜெரால்டு போனான். இப்போது மணி மூன்று ஐந்து. தையல்நாயகி சோபாவின் ஓரத்தில் மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கட்டிலில் கலியமூர்த்தி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு இறங்கிவிட்டால் அந்த மனுஷனுக்கு நாலு மணி வரைக்கும் உறையூரே இடிந்து விழுந்தாலும் தெரியாது. எதிரே டிவி. டிவிக்குக் கீழே புதுச் செட்டாப் பெட்டி. அதைப் பெட்டி என்று சொல்லவே வாய் கூசுகிறது, சோப்பு டப்பா அளவுதான் இருக்கிறது, ஒரு பச்சை விளக்கு வேறு, சும்மா சும்மா கண்ணடிக்கிறது. பழசு அப்படியில்லை. நல்ல கனமாக, கறுப்பாக, மேலே கையை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும், ஓடுகிறபோது உள்ளே என்னவோ முனகும். காலையில் பதினொன்றரை மணிக்கு ஜெரால்டு அதைக் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குள்ளேதான் தையல்நாயகி இருந்தாள். நாலரை நிமிஷம் இருந்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தையல்நாயகி, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, முட்டி வலி இல்லாமல், காதோரத்தில் நாலே நாலு நரையோடு, டிவிக்காரர்கள் முன்னால் நின்று பலாக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்டுக் காரக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெரால்டு ஆபீசில் பையை ஒப்படைப்பான், அங்கே பெட்டியை அழித்துவிட்டு ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அழிச்சிடுவாங்கம்மா என்று என்ன சாதாரணமாகச் சொன்னான், கோலத்தை மிதித்துவிட்டுப் போகிற மாதிரி.

அவன்மேல் தப்பு சொல்ல முடியுமா, கேட்கத்தானே செய்தான். "பொட்டி அவுட்டும்மா, இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, மாத்திடறேன். உள்ள ரெக்கார்டு பண்ணதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?" என்று கேட்டான். "அதுல என்ன தம்பி இருக்கு, எல்லாம் குப்பை. கிரிக்கெட்டு தெரியுமா, அத மொதல்ல சொல்லு" என்று இவர் சோபாவிலிருந்து பதில் சொல்லிவிட்டார். ஜெரால்டு நல்ல பிள்ளை, அதோடு விடாமல் திரும்பி இவளைப் பார்த்தான். "உங்களுக்கும்மா? வேணுங்கிறது எதுனா இருக்கா?" கையில் காப்பி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றவளுக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதுல நான் இருக்கேம்ப்பா. அவ்வளவுதான், நாலு வார்த்தைகூட முழுசாக இல்லை. சொன்னால் இவர் திரும்பி, நீயா, அதுலயா, இன்னுமா வச்சிருக்க என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். கெட்ட சிரிப்பு இல்லை, அவருக்கு அந்தக் குணம் கிடையாது, ஆனாலும் சிரிப்பார். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்து, "ஒண்ணுமில்லப்பா, மாத்திடு" என்று சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினாள். சீ, என்ன ஜென்மம். கேட்கிறவன் கேட்டும் வாயைத் திறக்காத ஜென்மம். அதோடு போயிற்றா, வேலை முடிந்ததற்கு நாலு நம்பர் போனில் வரும், அதையும் இவள்தான் சொல்ல வேண்டும், பதிவு பண்ணியிருப்பது இவள் நம்பர். புதுப் பெட்டியில் விளக்குகூட எரியவில்லை, அதற்குள் "அந்த நம்பரச் சொல்லிடுங்கம்மா, எனக்கு இன்னும் மூணு வீடு இருக்கு" என்றான். எல்லாரும் அப்படித்தான், காஸ் அடுப்பு பார்க்க வந்தவனும் திருகாணியைத் தொடுவதற்கு முன்னால் நம்பரைத்தான் கேட்டான். ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒன்பது. ஒன்பதை எட்டு என்று மாற்றிச் சொன்னால் கொஞ்ச நேரம் கிடைக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து என்ன, கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி சரியாகப் படித்தாள்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. சோறு இறக்கிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், அவன் காலையில் கூப்பிட்ட நம்பருக்கே மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். இந்த எண்ணுக்கு வெளியிலிருந்து அழைக்க இயலாது என்று ஒரு பொம்பளைக் குரல் மூன்று தடவையும் ஒரே மாதிரி சொன்னது. அவன் நிஜ நம்பரை மறைத்துவிட்டுக் கம்பெனி நம்பரிலிருந்துதான் பேசுவானாம், இவள் நம்பரும் அவனுக்குத் தெரியாதாம், யாருக்கும் யாரையும் தெரியக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். கம்பெனி நம்பருக்குப் போட்டால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, மறுபடி ஒன்றை அழுத்து, கடைசியில் பாட்டு. ஒரு மனுஷக் குரல் தானாகத் தேடிக்கொண்டு வருவது இந்த மூன்றிலிருந்து நாலுக்குள் மட்டும்தான். பேசுகிறவர்களிடம், உங்கள் ஆள் சரியாக விசாரிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், எனக்கு அது திரும்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து மணிக்குள் வந்து சேர்ந்துவிடும். சேர்ந்துவிடும்தான். ஆனால் ஜெரால்டு? செருப்பை மாட்டும்போது அவன் சொன்னது காதிலேயே நிற்கிறது. "போன்ல மார்க்கு கேப்பாங்க, பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்கம்மா. ஒம்பதுன்னாகூட எங்க கணக்குல அது முட்டைதான். போன மாசம் புத்தூர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, 'ஏழு போட்டுருக்கேன் தம்பி, ஏழுன்னா பர்ஸ்ட் கிளாஸு'ன்னு முதுகுல தட்டிக் குடுத்து அனுப்பினாரு. இன்னொண்ணு அந்த மாதிரி விழுந்தா என்னைப் பெரம்பலூர் ஏரியாவுக்குத் தூக்கிடுவாங்கம்மா. வீட்டுக்காரி இங்க பெரிய கடை வீதியில வேலைக்குப் போவுது, பாப்பா இங்க யூகேஜி படிக்குது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பாவி, அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூட நடிக்கிறான் என்று தள்ளியிருக்கலாம். மணி மூன்று பதினேழு.

முதல் டிவி வந்த வருஷம் இந்தத் தொந்தரவெல்லாம் ஏது. மரக் கூடு, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு, பூட்டு வேறு, டிவியைப் பூட்டி வைத்த காலம். இவர் மொட்டை மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்புவார், இவள் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, இல்ல, இல்ல, கொஞ்சம் வந்துச்சு, ஐயோ போயிருச்சு, அங்கேயே நில்லுங்க, அசையாதீங்க என்று கத்துவாள். அசையாமல் நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் வெயிலில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், கீழே படம் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் கூடத்தில், இவள் படத்தின் நினைப்பில் அவரை மறந்தே போனாள். இறங்கி வந்தபோது முகம் சிவந்துபோய், கதை என்ன தையலு என்று கேட்டார். கேட்டாரே. கல்யாணமாகி மூன்று வருஷம், சோறு பரிமாறும்போது உப்பு சரியா என்று இவள்தான் கேட்பாள், அவர் உம் என்பார், ஆனால் அன்றைக்குக் கதை கேட்டார், இவளும் அடுக்களையில் உட்கார்ந்து முழுக் கதையும் சொன்னாள், வில்லன் மாதிரி பேசிக்கூடக் காட்டினாள். அதற்காகவாவது அந்த ஆன்டெனாவை வைத்திருந்திருக்கலாம். இப்போது படம் பளிங்கு மாதிரி தெரிகிறது, யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அந்த மிக்சி மட்டும் என்ன, வந்த புதிதில் போடுகிறபோது காதைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று பொத்தானை அழுத்துவாள், சட்னி அரைக்க இரண்டு நிமிஷம் என்றவுடன் மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் திகைத்துப்போனாள், அதைக் குறை சொல்ல முடியாது, அது இல்லையென்றால் இந்தத் தோள் என்றைக்கோ கழன்றிருக்கும். குளிர்சாதனப் பெட்டியையும் குறை சொல்ல மாட்டாள். வாஷிங் மிஷினைச் சொல்லுவாள். துவைத்து முடித்தால் துவைத்து முடித்தேன் என்று கம்மென்று நிற்க வேண்டியதுதானே, எதற்கு ஒரு பாட்டு, என்னவோ இவள் நாற்பது வருஷமாகத் துவைத்துப் பாட்டுப் பாடிவிட்டுத்தான் கொடியில் காயப்போட்ட மாதிரி. இந்தப் போனையும் சொல்லுவாள். வாரத்துக்கு ஒரு தரம் தானாகவே மாறிக்கொள்கிறது, நேற்று வலது பக்கம் இருந்தது இன்றைக்கு இடது பக்கம், நாம் தூங்கும்போது யாரோ வந்து மளிகை டப்பாவையெல்லாம் இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் போனால் எப்படி இருக்கும். பெங்களூரில் மகன் இளங்கோவிடம் சொன்னால், "அப்டேட்டும்மா, நல்லதுக்குத்தான்" என்பான். எல்லாம் நல்லதுக்குத்தான் போகிறது.

அந்தப் பெட்டியும் இளங்கோ வாங்கிப் போட்டதுதான். ஓடுகிற நிகழ்ச்சியைப் பிடித்து வைக்கும், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று சொல்லிக் கொடுத்தான். வாங்கிய இரண்டாம் மாதம் மத்தியானச் சமையல் நிகழ்ச்சிக்காரர்கள் திருச்சிக்கு வந்தார்கள். தென்னூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நூற்று அறுபது பொம்பளைகள், ஆளுக்கொரு பாத்திரத்தோடு வரிசையில். அதில் எட்டுப் பேரை எடுத்தார்கள். இவளையும் எடுத்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் காதுமடல் சூடாகிறது. ஒரு பெண் வந்து முகத்துக்குப் பவுடர் ஒற்றினாள், ஒரு பையன் முந்தானைக்குள் மைக்கு ஒயரை விடச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான், விளக்குச் சூட்டில் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே வியர்த்தது. பயந்தாளா என்றால், அதுதான் ஆச்சரியம், பயமே இல்லை. புளியைக் கரைக்கக் கையை விட்டவுடனே கை தன் பாட்டுக்குப் போயிற்று, வாயும் தன் பாட்டுக்குப் போயிற்று. பலாக்கொட்டையை வெறும் வாணலியில் வறுத்துட்டு வேக வைங்க, அப்பத்தான் மாவு மாவா உதிரும், அவசரப்பட்டு நேராக் குக்கர்ல போட்டுடாதீங்க, வடகம் தாளிக்கிறப்ப அடுப்பக் கொறச்சுக்குங்க. யாருக்கு இவள் இப்படி உத்தரவு போட்டாள்? தமிழ்நாட்டுக்கே போட்டாள். நிகழ்ச்சியை நடத்துகிற பெண் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். நடிப்பாக இருக்கலாம், தினம் ஒருத்தி குழம்புக்குக் கண்ணை மூடுகிறவள்தான். ஆனால் அவள் இன்னொரு கரண்டி எடுத்தாள். அது எழுதிக் கொடுத்ததில் இல்லை, கேமராக்காரர்கூடச் சிரித்தார். "அக்கா, இத எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்றாள். "யாரும் கத்துத் தரல, நானாக் கண்டுபிடிச்சதுதான்" என்றாள் தையல்நாயகி. ஜென்மத்தில் வேறெங்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஒளிபரப்பான அன்றைக்கு இவர் பாங்கியில் இருந்தார், ஆடிட் வேலை, வர முடியவில்லை. சாயங்காலம் வந்து, போட்டானா, நல்லாருந்துச்சா என்று கேட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனார். ராத்திரி போட்டுக் காட்டினாள், பார்த்தார், நல்லாத்தான் இருக்கே, புடவை எங்க எடுத்தது என்றார். பாதியில் போன் வந்து எழுந்துபோனார். இளங்கோ அமெரிக்காவா சிங்கப்பூரா என்று பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரம். இரண்டாவது தடவை போடவா என்று இவள் யாரையும் கேட்கவில்லை. யாரும் போடச் சொல்லவுமில்லை. ஆனால் மத்தியானம் என்று ஒன்று இருக்கிறதே. இவர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் மூன்றிலிருந்து நாலு இவளுக்குத்தான். சத்தத்தை நாலில் வைத்துக்கொள்வாள். பட்டியலைத் திறந்து, கீழே, கீழே, இன்னும் கீழே, கடைசி வரி. தினம் இல்லை, அப்படியொன்றும் பைத்தியம் இல்லை; மாமியார் வழி விசேஷத்துக்குப் போய் யாராவது ஏதாவது சொல்லி வந்த மறுநாள், மருமகள் போனில் அத்தை அதுக்கெல்லாம் இங்க ரெடிமேடு கிடைக்குது என்று சொன்ன மறுநாள், டாக்டர் முட்டிக்கு ஆபரேஷன் என்று சொன்ன அன்றைக்கே. போட்டால் அவள் வந்துவிடுவாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வறுத்துட்டு வேக வைங்க என்று சொல்லுவாள். எவ்வளவு தைரியமாக நிற்கிறாள், யார் வீட்டுப் பொண்ணு இவள் என்று தையல்நாயகிக்கே தோன்றும். வெட்கமாக இருக்கும். வெட்கத்தோடு இன்னொரு தரமும் போடுவாள். போனிலே படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று யோசிக்காமலா இருந்தாள், யோசித்தாள், இளங்கோவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுப்பான், எதுக்கும்மா என்று கேட்பானே. அறுபத்தோரு வயதில் தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்டா என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. மணி மூன்று முப்பத்தெட்டு, போன் இன்னும் கம்மென்று கிடக்கிறது.

ஒருவேளை வராமலே இருந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் முடிவு தானாகவே முடிந்துபோகும், யார் மேலும் பழியில்லை. அப்படி நினைத்தவுடனே ஐயோ வந்துவிடட்டுமே என்றும் அடித்துக்கொண்டது. ஆட்டோவில் ஏறி இறங்கினால் போன் கேட்கிறது, பயணம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடு. ஊறுகாய் பாட்டில் வந்து இறங்கினால் கேட்கிறது. பாங்கி கேட்கிறது, ஆஸ்பத்திரி கேட்கிறது, கழிப்பறை சுத்தமாக இருந்ததா, சிரிக்கிற மூஞ்சியா அழுகிற மூஞ்சியா, விரலை வை. ஊரில் உள்ள அத்தனைக்கும் இவள் மார்க்கு போட வேண்டும். இவளுக்கு ஒரே ஒரு தரம் ஒருத்தி இன்னொரு கரண்டி எடுத்தாள், அது ஒன்றுதான் இவள் வாங்கின மார்க்கு, அது இப்போது யாரோ ஒருவன் தோள்பையில் ஸ்கூட்டரில் குலுங்கிக்கொண்டு சுற்றுகிறது. மூன்று கொடுக்கலாம். மூன்றுகூட இல்லை, பூஜ்யம் கொடு, பெட்டியைக் கொண்டு வா என்று சொல், உன் பொருள், உன் முகம், உன் குரல், கேட்பதற்கு உனக்கு உரிமை இல்லையா. இருக்கிறது. யார் இல்லையென்றது. பெரம்பலூர் என்ன அந்தமானா, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், போய் வரட்டுமே. போய் வந்தால் ராத்திரி எத்தனை மணி ஆகும், அந்தப் பாப்பா தூங்கியிருக்கும். சே, யார் வீட்டுப் பாப்பாவோ, இவளுக்கு என்ன வந்தது. அவன் கேட்டானே, திரும்பி நின்று உங்களுக்கும்மா என்று கேட்டானே, இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, கேட்டவனையா பிடித்துக் கொடுப்பது. கண்ணில் நீர் முட்டியது, முந்தானையால் துடைத்தாள், துடைக்கும்போதே மடியில் போன் அதிர்ந்தது.

முதலில் ஒரு இயந்திரக் குரல் கடகடவென்று எதையோ சொல்லி முடித்தது, தரம், பயிற்சி, பதிவு என்று என்னென்னவோ, இவளுக்கு இருந்த படபடப்பில் பாதி காதில் விழவில்லை. பிறகு ஒரு சின்னப் பெண் குரல். பின்னால் இன்னும் நாற்பது ஐம்பது பெண்கள் பேசுகிற இரைச்சல். "வணக்கம் மேடம், இன்னிக்கு உங்க வீட்டுக்கு எங்க சர்வீஸ் இன்ஜினியர் வந்திருந்தாங்க. அவங்க சேவைக்கு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எத்தனை மதிப்பெண் குடுப்பீங்க?" உள்ளே குறட்டை ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. "பத்து" என்றாள் தையல்நாயகி. சொன்ன வேகத்தில் அவளுக்கே மூச்சு வாங்கியது. "பத்தா மேடம்?" "பத்துக்குப் பத்தும்மா. பதிஞ்சாச்சா? இனிமே மாறாதில்ல?" "பதிஞ்சிருச்சு மேடம், மாறாது. ரொம்ப நன்றி. எங்க சேவையில வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" அந்தப் பெண் கேட்ட தோரணையிலேயே தெரிந்தது, இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, அடுத்த நம்பருக்கு அவள் விரல் போயாயிற்று. "சொல்லணும்" என்றாள். "நீங்க எடுத்துட்டுப் போன பொட்டியில நான் இருந்தேம்மா. டிவியில வந்தேன், பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அது ஒண்ணுதான் இருந்துச்சு. அஞ்சு மணிக்கு அழிச்சிடுவாங்க."

"ஐயோ மேடம். அப்ப கம்ப்ளெய்ன்ட்டாப் போட்டுடட்டுமா? ஆனா அப்படிப் போட்டா அந்த இன்ஜினியர் பேர்லதான் விழும், பத்தும் செல்லாது."

"வேண்டாம். போடாத. அவன் நல்ல பையன், கேட்டான், நான்தான் சொல்லல." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, குறட்டை நின்றுபோயிற்று, கட்டில் கிறீச்சிட்டது. நிற்கட்டும். எழுந்து வந்தால் வரட்டும். "ஏம்மா, மொதல்ல ஒரு குரல் என்னமோ பதிவு பண்றதாச் சொல்லுச்சே, நாம பேசறது பதிவாகுதா?"

"ஆமா மேடம், எல்லாக் காலும் ரெக்கார்டு ஆகும்."

"எத்தன நாளு வச்சிருப்பீங்க?"

"சரியாத் தெரியல மேடம். ஆறு மாசம்னு சொல்லுவாங்க. ஏன் மேடம்?"

வாசல்படியில் கலியமூர்த்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்று, யாரு தையலு, யார்கிட்ட இவ்வளவு சத்தமா என்றார். அவள் அவரைக் கையமர்த்தினாள். ஆறு மாதம் போதும் என்று தோன்றியது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, நெற்றிப் பொட்டு சரியாக இருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "கால் கிலோ பலாக்கொட்டை எடுத்துக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.